நாற்பது நொடி

டிவியில் எங்கள் சிவப்பு.
ஜெர்பினின் போனில் நீலம்,
நாற்பது நொடி பிந்தி.
புள்ளி சமம். கோல் கணக்கில் அவர்கள் முன்னே.

வயர்லெஸ்ஸில் அண்ணன், நீலத்தின் ஆள்,
கரைக்கு இருபது மைலில்,
அறை நிறைய சூரையோடு:
'பிள்ளே, என்ன நெலம?'
'ரெண்டு எடத்திலயும் சமம். இப்பிடியே முடிஞ்சா கப்பு ஒனக்கு.'

தொண்ணூற்று இரண்டில்
எங்கள் பையன் தலையால் இடித்தான்.
வலை குலுங்கியது. கூரை போனது.
ஜெர்பின் என் நாற்காலியை ஒடித்தான்.
ஆகஸ்டிலிருந்து காத்த கப்பு.

அப்போது பூத்துறைப் பக்கம் வெடி.

பூத்துறை முழுக்க நீலம்.
போனில் இன்னும் எவனோ
நடு மைதானத்தில் ஷூ கட்டிக்கொண்டிருந்தான்.
வெடி என் காதில் மட்டும்தான் விழுந்தது.

மைக்கின் பொத்தானை அமுக்கிப் பிடித்தேன்.
அமுக்கினால் அவன் குரல் வராது.
யாரும் எதுவும் கேட்க முடியாத
அந்தக் கொஞ்ச நேரம்
நாங்கள் சாம்பியன்.

பிறகு மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.
சரவெடி முழுதும் போகட்டும் என்று விட்டேன்.

கை எடுத்ததும் வெறும் இரைச்சல்.
அப்புறம், தொண்டையைச் செருமிக்கொண்டு,
'சூரைக்கு இன்னைக்கு என்ன வெல?'