ஒன்பதாவது ஆள்

எட்டுப் பேருக்குத்தான் இடம்.
ஒன்பதாவதாக நான்,
காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல்,
வடகடல் அணைக்கரையோரம், மழையில்.

செவ்வாய்க்கிழமை வண்டி அல்முத்துடையது.
சம்பளம் கிடையாது. ஊர்க்காரர்களே முறைபோட்டு ஓட்டுவது.
முப்பத்தொரு வருஷம் வரி அலுவலகத்தில் இருந்தவள்.
உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு
அவள் கையெழுத்தோடு நோட்டீஸ் போயிருக்கிறது.
அன்று கடைத்தெருவில் அவளைக் கண்டால்
எதிர்ச்சாரிக்கு நழுவியவர்கள்
இன்று அவள் முதுகுக்குப் பின்னால்
பெல்ட் மாட்டிக்கொண்டு
சமர்த்தாக.

கதவைத் திறந்தாள். உள்ளே விரல் நீட்டி எண்ணினாள்.
கூட்டல் மாறிவிடக்கூடும் என்பதுபோல
மறுபடி எண்ணினாள்.
'எட்டு' என்றாள் என்னிடம்.
அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரம்.
நோர்டன் ஆஸ்பத்திரியில் எனக்கு நேரம் பத்தரை.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பின்சீட்டில் ஃபோல்கெர்ட் எழுந்தார்,
மாட்டுக் கொட்டகைக் கணக்கில்
அவளோடு ஐந்து வருஷம் வழக்காடியவர்.
'நான் எங்கேயும் போகவில்லை' என்றார்.

அப்போதுதான் உறைத்தது எங்களுக்கு.
வாராவாரம் ஏறுகிறார்.
எங்கே இறங்குகிறார் என்று பார்த்தவர் இல்லை.
ஒரு சுற்று முழுக்க உட்கார்ந்து
ஏறிய இடத்திலேயே இறங்குவாராம்.
அல்முத்துக்குத் தெரியும்.
டிக்கெட் கிழிப்பவள் அவள்தானே.

இறங்கினார். குடை இல்லை.
அவள் தன் தேநீர் பிளாஸ்கை எடுத்து
நோட்டீஸ் நீட்டுவதுபோல நீட்டினாள்.
செம்மறிகள் இரண்டு தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மேயப் போயின.

இருக்கை இன்னும் சூடாக இருந்தது.
சாய்ந்து உட்காரக் கூச்சம் எனக்கு.
இந்தச் சமதரையில் சாலை வளைவதே இல்லை;
பின்கண்ணாடியில் ஒரு மனிதர் புள்ளியாவதற்கு
வெகுநேரம் பிடிக்கிறது.

கட்டுப் பிரித்துத் திரும்புகிறேன்.
அதே வண்டி. அதே நிறுத்தம். நிழற்கூண்டுக்குள் அவர்.
காலி பிளாஸ்கைக் கொடுத்தார்.
அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.
'ஒரு யூரோ ஐம்பது.'
'காலையிலேயே கொடுத்தேனே.'
'இறங்கியதும் அது முடிந்தது.'

ஈரக் கோட்டில் ஒவ்வொரு பையாகத் துழாவினார்,
அவசரமே இல்லாமல்.
என் உள்ளங்கையில் சில்லறை வியர்த்தது.
கொடுக்கவில்லை.
அது அவர்கள் விவகாரம்.

'மேல்முறையீடு செய்வேன்' என்றார்.
'ஒரு மாதம் அவகாசம்' என்றாள்
கியரை மாற்றியபடி.