வாட்டத்துக்கு மதிப்பெண்

பிற்பகல் இரண்டு மணிக்குத்தான்
எங்கள் வேலை ஆரம்பம்.
இலைகளால் பொய் சொல்ல முடியாத நேரம் அது.
காலையில் எல்லாச் செடியும் நிமிர்ந்துதான் நிற்கும்
இரவு கொடுத்த கடனில்.

கலோமோவின் மணல்மண்ணில்
இருபத்து நான்கு சோயா ரகங்கள், மும்மூன்று முறை.
எழுபத்திரண்டு பாத்திகள்.
தலைமாட்டில் மஞ்சள் சீட்டு.
ஓரமாகத் தண்டவாளத்தில் ஒரு பிளாஸ்டிக் கூரை,
மழை வந்தால் இழுத்து மூட.
ஜனவரியிலிருந்து அதன் சக்கரத்தில்
குளவி கூடு கட்டிக் குடியிருக்கிறது.

சுழியம் என்றால் வாட்டமே இல்லை.
ஐந்து என்றால் செத்தது.
நடுவிலுள்ள நான்கு எண்கள்தான்
எனக்கும் சிமூக்காவுக்கும் சம்பளம்.

"நாற்பத்தொன்று?"
"மூன்று."
"நாற்பத்திரண்டு?"
இலையைப் புரட்டி வெள்ளை வயிற்றைக் காட்டுகிறது.
"நாலு போடு."

வாடாத செடியைத் தேடவில்லை நாங்கள்,
அப்படி ஒன்று கிடையாது.
மெதுவாக வாடுகிற செடி வேண்டும்.
பக்கத்துச் செடிகள் ஒரே மூச்சில் குடிக்க,
நாளைக்கு இருக்கட்டும் என்று
மண்ணிலேயே கொஞ்சம் விட்டுவைக்கிற
கஞ்சச் செடி.
சிமூக்காவுக்கு அதன்மேல் ஒரு பாசம்.
நாள் தவறிப் பிறந்த பிள்ளைக்கு
டோங்காவில் வைக்கிற பெயர் அவனுடையது.
வேலைக்கும் அப்படித்தான் வருவான்.

மழையில்லாத இருபத்தாறாம் நாள்.
வேலிக்கு அந்தப் பக்கம்
திருமதி ஹமூங்காவின் மக்காச்சோளம்
வெங்காயத்தாள் போலச் சுருண்டுவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில்
எல்லோரும் மழைக்கு மண்டியிட்டார்கள்.
நானும்தான்.
ஆற்றுக்கு மேலே எனக்கும் இரண்டு ஏக்கர் காய்கிறது.
ஆனால் வாய் 'ஆமென்' சொன்னபோது
உள்ளே எவளோ ஒருத்தி
'இன்னும் ஒன்பது நாள் பொறு' என்றாள்.
ஒன்பது நாளில் காய் முற்றும்,
அட்டவணை நிரம்பும்.
அவளைப் பற்றி
என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை இரவு பதினொன்றரைக்கு இடி.
சிட்டெங்கேயை இடுப்பில் சுற்றியபடி
வெறுங்காலோடு ஓடினேன்.
எனக்கு முன்பே சிமூக்கா நின்றான்,
வாழ்நாளில் முதல்முறையாக.
சக்கரம் மணலில் சிக்கிக்கொண்டது.
குளவி அவன் கழுத்தில் கொட்ட
கெட்ட வார்த்தையும் ஜெபமும் ஒன்றாகக் கத்தினான்.
முதுகைக் கொடுத்துத் தள்ளினோம்.

தூரத்தில் பெண்களின் குலவை.
யாரோ சட்டியைத் தட்டுகிறார்கள்.
ஊரே நனைகிறது.
நாங்கள் மட்டும்
தாகத்தில் கிடக்கும் எழுபத்திரண்டு பாத்திகளை
மழையின் கண்ணில் படாமல் மறைக்கிறோம்.

கூரைத் தாழ்வாரத்தில் கொட்டும் நீருக்கு
வாளியோடு வந்தார் திருமதி ஹமூங்கா.
டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார்.
"இதுகள் என்ன குற்றம் செய்தன?"
"பரீட்சை எழுதுகின்றன."
"யாருக்காக?"
வாளி நிரம்பும் வரை
நான் பதில் தேடினேன்.
நிரம்பியதும் போய்விட்டார்.

விடிந்ததும் பார்த்தோம்,
கூரையில் ஒரு ரூபாய்க் காசளவு ஓட்டை.
நேர் கீழே பத்தொன்பதாம் பாத்தி.
கைவிட்டுப் பார்த்தேன், மணிக்கட்டு வரை ஈரம்.
நோட்டில் கோடு போட்டேன்:
'கூரை ஒழுகல். கணக்கில் சேராது.'

பத்து மணிக்கு வீட்டிலிருந்து குறுஞ்செய்தி.
'ஆற்றோடு நின்றுவிட்டது. இங்கே தூறல்கூட இல்லை.
உன் சோயாவுக்கு?'
'நனையவில்லை' என்று அனுப்பினேன்.
ஆறுதலுக்காக எழுதியதா, பெருமைக்காகவா
என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு மணி.
கழுத்து வீங்கிய சிமூக்கா பென்சிலைச் சீவினான்.
"பதினெட்டு?"
"மூன்று. இல்லை, மூன்றரை."
"அரை கிடையாது."
"அப்படியானால் நாலு."
"பத்தொன்பது?"
தளதளவென்று நின்றது,
வெட்கமே இல்லாமல்.
இருவரும் கொஞ்ச நேரம்
அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
"இருபது?" என்றான்.