சனிக்கிழமைக் கட்டம்

பதிவேட்டின்படி இருபத்து நான்கு கணினிகள்.
உயிரோடிருப்பவை ஒன்பது.
ஆக ஒரு திரைக்கு நான்கு தலை,
ஐந்தாவது தலை பெஞ்சின் நுனியில்.
தருமபுரி, முதலாம் ஆண்டு பொருளியல்,
மதியம் இரண்டு மணி வகுப்பு.
மின்விசிறி சுற்றுகிறது,
சுற்றுவதாகச் சொல்லிக்கொண்டு.

போன வாரம் சொல்லி அனுப்பியிருந்தேன்:
ஆளுக்கொரு பொருள், ஆறு நாள் விலை,
நேரில் கேட்டு எழுத வேண்டும்,
செய்தித்தாளைப் பார்த்து எழுதக் கூடாது.
புளி வந்தது. முட்டை வந்தது.
நல்லம்பள்ளிப் பையன் ஒருவன்
ஆறு நாளும் ஒரே விலையில் சாமந்தி கொண்டுவந்தான்.
பூவுக்கு இவ்வளவு நிதானமா என்றேன்,
காதைச் சொறிந்தான்.

வேடியப்பன் கொண்டுவந்தது தக்காளி.
பாலக்கோடு மண்டி, கூடைக்கு:
நூற்றிருபது, நூற்றுப்பத்து, எழுபது,
நாற்பது, இருபது.
சனிக்கிழமைக் கட்டம் காலி.

காலியென்றால் விடுபட்ட மதிப்பு,
எக்செல் அதைத் தாண்டிப் போய்விடும்
என்று சொல்லிக்கொண்டே தட்டிக் காட்டினேன்.
சராசரி எழுபத்திரண்டு.
பரவாயில்லை என்கிற முகம் அந்த எண்ணுக்கு.

"விடுபடலை மிஸ். போனோம்.
யாரும் எடுக்கலை.
வெள்ளிச்சந்தை ரோட்டோரம் கொட்டிட்டு வந்தோம்.
என்ன எழுதறதுன்னு தெரியலை."

பூஜ்ஜியம் போடச் சொன்னேன்.
போட்டான். எழுபத்திரண்டு அறுபதாயிற்று,
திட்ட விலக்கம் நாற்பத்தெட்டு புள்ளி ஆறு.
பன்னிரண்டு ரூபாய் எங்கே போயிற்றென்று
யாரும் கேட்கவில்லை.

(மே மாதச் சம்பளம் கௌரவ விரிவுரையாளருக்குக் கிடையாது.
என் நோட்டில் அந்தக் கட்டத்தை
இதுவரை காலியாகத்தான் விட்டு வந்திருக்கிறேன்.
வருடச் சராசரி நன்றாகவே இருக்கும்.)

"பூஜ்ஜியமும் இல்லை மிஸ்."
பறிகூலி பதினெட்டு, வேன் பன்னிரண்டு,
கழித்தல் முப்பது.
அந்த விசைப்பலகையில் கழித்தல் குறி வேலை செய்யாது.
பக்கத்துக் கணினியில் தட்டினால்
கட்டம் ஏற்க மறுத்தது.
விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாதென்று
விதி எழுதிப் பூட்டியவள் நான்தான்,
ஜூலையில், ஏதோ ஒரு நல்ல நாளில்.

பூட்டைத் திறப்பதற்குள்
பின்னாலிருந்து முபீனா:
"சனிக்கிழமைக்கு மட்டும் ஏன் கழிக்கணும்?
திங்கட்கிழமைத் தக்காளி
தானா நடந்து மண்டிக்குப் போச்சா?"

சிரிப்பு. வேடியப்பனும் சிரித்தான்.
ஆறு நாளிலும் முப்பதைக் கழித்தார்கள்.
பத்தியின் தலையில் 'விலை'யை அழித்து
'கைக்கு வந்தது' என்று எழுதினார்கள்.
சராசரி பாதியாகி முப்பதில் உட்கார்ந்தது.
திட்ட விலக்கம் மட்டும்
நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை,
அதே நாற்பத்தெட்டு புள்ளி ஆறு.
போன திங்கள் கரும்பலகையில்
இதையேதான் நிரூபித்திருந்தேன்.
எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்,
யாரும் நம்பவில்லை.

இன்னொரு திரையில் நாற்பத்து நான்கு புள்ளி மூன்று.
சண்டை.
அது ஆறால் வகுத்தது, இது ஐந்தால்.
ஆறு நாளை ஐந்தால் ஏன் வகுக்க வேண்டும்?
சராசரி முதலிலேயே ஒரு நாளைத்
தனக்கென்று எடுத்துக்கொண்டது,
மிச்சம் ஐந்துதான் சுதந்திரமாக இருக்கிறது என்றேன்,
பாதி பயத்தோடு.

"கமிஷன் மாதிரியா மிஸ்?"

பத்துக்கு ஒன்று எடுக்கும் மண்டியையும்
ஆறுக்கு ஒன்று எடுக்கும் சூத்திரத்தையும்
அவர்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது
கரண்ட் போயிற்று.

சேமித்தீர்களா என்று கேட்டேன்.
ஒன்பது கறுத்த திரைகளுக்கு முன்னாலிருந்தும்
பதில் இல்லை.
வேடியப்பன் சட்டைப்பையிலிருந்து
வியர்வையில் நைந்த துண்டுத்தாளை எடுத்து
ஜன்னல் விளிம்பில் விரித்தான்.
ஐந்து எண்கள்.
ஆறாவதை இப்போதுதான் எழுதுகிறான்.
பேனாவில் கழித்தல் குறி
நன்றாகவே விழுந்தது.