துண்டறிக்கையை வாசிக்கும் முறை

நகராட்சி தந்தது ஒரு கூடாரம், ஒரு மடக்கு மேசை,
நானூறு துண்டறிக்கை, கேன் நிறைய வினிகர்.
கால்வே விரிகுடாவில் ஜூலை மாதம்.
மழை பக்கவாட்டில் பெய்கிறது, வழக்கம்போல.

ஜெல்லிமீன் மீனே இல்லை என்று தொடங்கினேன்.
பாதிக் கூட்டம் ஐஸ்கிரீம் வண்டிக்கு நகர்ந்தது.
மூளை கிடையாது, இதயம் கிடையாது,
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தண்ணீர் என்றேன்.
‘எங்கள் கவுன்சிலர் மாதிரி’ என்றார் ஒருவர்.
அதற்கு எழுந்த சிரிப்பில் கால்வாசிகூட
என் ஐம்பது கோடி ஆண்டுகளுக்குக் கிடைக்கவில்லை.

இங்கே அதற்குப் பெயர் கடல்நாயின் எச்சில்.
ஐரிஷில் சொல்லிப் பாருங்கள்,
நாக்கிலேயே கொஞ்சம் வழுக்கும்.
நான் பதினான்கு வருடம் சுமக்கும் லத்தீன் பெயரை
இந்தக் கரையில் யாரும் இதுவரை துப்பியதில்லை.

நூலா வந்தாள், தோளில் சாட்டையடிபோல் மூன்று கோடு.
சிங்கப்பிடரியின் வேலை.
‘மூத்திரம் விட்டால் சரியாகுமாமே?’
ஆகாது என்றேன்.
‘நாற்பது வருடம் முன்னே தங்கைக்கு அதைத்தான் செய்தோம்.
இன்னும் என்னோடு பேசமாட்டாள்.’

தேய்க்காதே, நூலா. துண்டை வை கீழே.
வெடிக்காத ஈட்டிகள் சுருண்டு கிடக்கின்றன தோலில்,
தொட்டால் போதும் அவற்றுக்கு.
முதலில் வினிகர். அப்புறம் வெந்நீர்,
நாற்பத்தைந்து பாகை, நாற்பது நிமிடம்.
‘தேநீர் போடவா, குளிக்கவா?’ என்று கேட்டுக்கொண்டே
தோளை நீட்டினாள்.

டெர்வ்லாவுக்கு ஏழு வயது இருக்கலாம்.
‘கொட்டினது தெரியுமா அதுக்கு?’
தெரியாது என்றேன்.
‘அதுக்குத் தெரியாதா, உங்களுக்குத் தெரியாதா?’

எனக்கு, என்றேன்.
அன்று முழுவதும் நான் சொன்னதில்
சந்தேகமின்றிச் சரியானது அது ஒன்றுதான்.

பிறகுதான், யோசிக்காமல்,
கரை ஒதுங்கிய நிலா ஜெல்லி ஒன்றைக்
கையுறையால் அள்ளி அறிக்கையின்மேல் வைத்தேன்.
கண்ணாடிச் சதைக்கு அடியில்
எழுத்துகள் பருத்து எழுந்தன:
தொடாதீர்கள்.
‘தள்ளு, நான் படிக்கணும்.’
வரிசை ஐஸ்கிரீம் வண்டியைத் தாண்டியது.
பின் அட்டையில் அச்சக முகவரி வரைக்கும்
நகர்த்தச் சொல்லி நகர்த்தச் சொல்லிப் படித்தார்கள்.
உயிர்காப்பாளன் ஃபீயக்ரா விசில் ஊதினான்;
திரும்ப யாருமில்லை. கடைசியில் அவனும் குனிந்தான்.

ஆறு மணிக்குக் கூடாரம் மடித்தேன்.
மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது அறிக்கைகள்,
கட்டுக்கூடப் பிரியாமல்.
மேசையோடு ஒட்டிப்போன அந்த ஒன்றில்
உப்பால் ஒரு வட்டம்.
அதற்குள்ளே ‘மேலும் அறிய’ மட்டும் தெரிகிறது,
எண் அழிந்துவிட்டது.