வாடிக்கையாளரின் முறைப்பாடு

இரண்டிலிருந்து மூண்டுக்கு ஏறேக்கை
ஆரோ பின்னாலை நிண்டு
சீலைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்துப்போட்டு
ஒண்டும் தெரியாத மாதிரி விடுகிறது போலை.

இப்படித்தான் சொன்னேன்.
நிதுர்சன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்,
கழுத்தில் கம்பனிப் பட்டி, கையில் ரப்லெற்.
நான் முடிக்க
ஒரு விரலால் ஒரு சொல் அடித்தான்:
ஜேர்க்.

"ஹஸ்பண்ட் வரேல்லையோ மிஸ்?"

அவர் வந்தால் கியர்பொக்ஸ்
வேறு மாதிரி இடிக்குமோ என்று
வாய்வரைக்கும் வந்தது.
கண்ணாடிக்கு வெளியே அரியாலை வெயில்,
உள்ளே இலவச மெஷின் தேத்தண்ணி.
கேட்கவில்லை. குடித்தேன்.

விடிய விடிய அழுதுபோட்டு
டொக்டரைக் கண்டவுடன் சிரிக்கிற பிள்ளைபோல
அவர்களின் முற்றத்தில் என் கார்
வழுக்கிக்கொண்டு போய்வந்தது.
கொம்பியூட்டரில் ஒரு பிழையும் இல்லையாம்.
அடுத்த மாதம் போனேன்:
ஓடப் பழகச் சரிவருமாம்.
அதற்கடுத்த மாதம்
இந்த மொடலின்ரை சுபாவமே அப்படியாம்.

மூன்று வருடம்
அல்லது ஒரு லட்சம் கிலோமீற்றர்,
எது முதலில் வருகிறதோ அது.
லீசிங்குக்கு ஐந்து வருடம்.
கணக்குப் படிப்பிக்கிறவள் நான்,
கழித்துப் பார்க்கத் தெரியும்:
மிச்ச இரண்டு வருடமும்
கடன் மட்டும் கியர் மாறாமல் ஓடும்.

நாலாந்தரம் போனபோது
"ஆரையாவது ஏத்துங்கோ, நான் ஓட்டுறன்" என்றேன்.
நிக்கவரெட்டியாக்காரன் ருவன்சிறி வந்து
பக்கத்து சீற்றில் இருந்தான்.
அவனுக்குத் தமிழ் இல்லை.
எனக்குச் சிங்களம், வெள்ளவத்தையில்
வாடகை அறையில் இருந்த ஒன்பது மாத அளவு.
செம்மணி தாண்டும்வரை இருவரும்
றோட்டைப் பார்த்தபடி போனோம்.

நாவற்குழிப் பாலத்து ஏற்றத்தில்
இழுத்தது. விட்டது.
அவன் சட்டைப்பையில் இருந்த ரெஸ்ரர்
துள்ளி மடியில் விழுந்தது.
"கெஸ்ஸெனவா," என்றான்.

அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
பக்கத்து அறைக் கைக்குழந்தை
நித்திரையில் கையைக் காலை உதறும்போது
தாய் சொல்லுகிற சொல்.
ஓவ், ஓவ், என்றேன்.
பாலத்தில் ஹோர்ன் அடித்து லொறிகள் விலத்திப் போயின.

அவன் தாளில் எழுதியது
சிங்களத்தில் நாலு வரி.
அதற்குள் சீலைத் தலைப்பு இருந்ததோ தெரியாது,
நாலு வரி.

பிறகு நாற்பத்தேழு நாள்.
பெட்டி கப்பலில், பெட்டி துறைமுகத்தில்,
பெட்டி கொழும்பில், ஆனால் வேறை பெட்டி.
நான் கொடிகாமம் பஸ்ஸில்.
ஒவ்வொரு கியருக்கும் அது
ஐம்பது பேரையும் முன்னுக்குத் தள்ளிப்
பின்னுக்கு எறிந்தது.
ஒருத்தரும் முறைப்பாடு செய்யவில்லை.
எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பில் வந்தது.
முறைப்பாடு: ஜேர்க்.
செய்தது: மாற்றப்பட்டது.
ஆறு இலக்கத் தொகை ஒன்றைக் குறுக்கே கீறி
பக்கத்தில் பூச்சியம் போட்டிருந்தார்கள்.
என் வாழ்நாளில் நான் கண்ட
வடிவான பூச்சியம்.
மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

"புதுப் பெட்டிக்கு எவ்வளவு காலம் வொறண்டி?"
"பழையதின்ரை மிச்சம்தான் மிஸ்."
கலண்டரைத் தட்டிப் பார்த்துச் சொன்னான்:
"பதினொரு நாள்."

இன்றைக்குப் பாலத்தில்
இரண்டு, மூன்று, நாலு,
எண்ணெயில் கத்திபோல் போனது.
ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டிருந்த கைக்கு
ஆரும் இன்னும் அறிவிக்கவில்லை.

நாளைக்குப் போயா, பள்ளிக்கூடம் இல்லை.
விடிய எழும்பி
அங்காலை இங்காலை என்று
நாலைஞ்சு தரம் பாலத்தைக் கடக்கப்போகிறேன்.
இடிக்கிறதெண்டால்
இப்பவே இடிச்சுப்போடட்டும்.