சேதக் கணக்கு

கல்யாணத்துக்குப் பிந்திய பதினெட்டு வருடப் படங்களில்
எவரிஸ்தோ எங்குமில்லை.
கடற்கரைப் படமொன்றில் மணலில் அவன் நிழல் கிடக்கிறது,
தொப்பி மட்டும் பெரிதாய்.
மகளின் ஞானஸ்நானத்தில்
கண்ணாடிக் கதவில் ஒரு பிளாஷ் வெடிப்பு.
அதுதான் அப்பா என்று
பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

புந்தா அரேனாஸில் பாதிப் பேருக்குக் கல்யாணப் படம் எடுத்தவன்.
இந்த ஊர்க் காற்றிலும்
முக்காடு பறக்காமல் மணப்பெண்ணை நிறுத்தத் தெரிந்தவன்.
மீதிப் பாதிக்கு பாஸ்போர்ட் படம்.

எங்களை எடுக்க அவன் கூட்டிவந்தது
மிர்த்தா குசனோவிச்சை.
துறைமுகத்தில், காப்பீட்டுக் கம்பெனிக்காக
நசுங்கிய கன்டெய்னர்களைப் படமெடுப்பவள்.
பூட்ஸைக் கழற்றாமலே உள்ளே வந்து
மனிதர்களை எடுத்து வருஷக்கணக்காச்சு என்றாள்.
சிரிக்கச் சொல்ல எனக்கு வராது.
அதுக்காகத்தான், என்றான் இவன்.

பையிலிருந்து ஒரு மஞ்சள் ஸ்கேல்,
எண் எழுதிய அட்டைகள், ஒரு சாக்கட்டி.
திரை வேண்டாம். சமையலறை விளக்கைப் போடு.
மஞ்சளடிக்குமே.
அடிக்கட்டும்.

எண் ஒன்று, அமாரோவின் முன்பல்:
சறுக்குவண்டியில் உடைந்த மூலை.
எண் இரண்டு, ரயேன் தன் கையாலேயே
வெட்டிக்கொண்ட முன்முடி.
அட்டையை நேராகப் பிடித்தாள்,
கூண்டிலேறிய சாட்சி மாதிரி.
எண் மூன்று, எவரிஸ்தோவின் வலது தோள்.
கேமரா வார் அழுத்தி அழுத்தி
இடதைவிட இரண்டு விரற்கடை இறங்கிப்போனது.
சட்டையைக் கழற்றச் சொன்னாள்.
இயல்பா நில்லுங்க, இயல்பா நில்லுங்க என்று
ஊரையே அதட்டியவன்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கடைசியில் தன் வயிற்றின்மேல் வைத்தான்.

எண் நான்கு நான்.

கழுத்தில், காதுக்குக் கீழே.
ஏழு வயதில் கெட்டில் கவிழ்ந்தது.
எங்கள் கல்யாண ஆல்பத்தில் அது கிடையாது.
ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து
இவன்தான் துடைத்தான்; சீர்வரிசை போல
என் கையில் கொடுத்தான்.
நன்றிதான் சொன்னேன்.
அதற்கப்புறம் எப்போது திறந்தாலும்
என்னைப் போலிருக்கும் எவளோ ஒருத்தி
என் புருஷனைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஸ்கேல் குளிர்ந்தது.
நாலு புள்ளி ஏழு, மிர்த்தா சத்தமாய்ப் படித்தாள்.
குறித்துக்கொள்ள வேறு ஆளில்லை,
எவரிஸ்தோவே எழுதினான்.
எழுதிவிட்டு,
அவ்வளவுதானா என்று கேட்டான்.
நான் பதில் சொல்லவில்லை.
அவனும் பேனாவை மூட மறந்திருந்தான்.

குடும்பப் படத்துக்குத் துறைமுகம் போனோம்,
லாரிகளை நிறுக்கும் எடைமேடைக்கு.
நாலு பேரும் ஒன்றாய் ஏறுங்கள் என்றாள்.
என் கழுத்துத் துணியைக் காற்று கொண்டுபோனது,
யாரும் துரத்தவில்லை.
எங்கள் தலைக்குமேல் சிவப்பு எழுத்தில்
இருநூற்று நாற்பது கிலோ.
வீட்டுத் தராசில் முந்தின நாளே
எல்லோரையும் நிறுத்துக் கூட்டி வைத்திருந்த அமாரோ
இருநூற்று முப்பத்தொன்றுதான் வரணும் என்றான்.
மிச்சம் ஒன்பது யாரோடது?
இந்த மேடை இருபது இருபதாகத்தான் எண்ணும்டா, என்றாள் மிர்த்தா.
அப்புறம் கொஞ்சம் யோசித்து,
காற்றென்று வைத்துக்கொள், என்றாள்.
அப்போதுதான் அழுத்தினாள்.
படத்தில் நாங்கள் யாருமே கேமராவைப் பார்க்கவில்லை;
எண்ணையே அண்ணாந்து பார்க்கிறோம், வாய் திறந்தபடி.

இப்போது அது கடை முகப்பில்,
மணப்பெண்களுக்கு நடுவே.
போன வாரம் ஒரு தாய் வந்தாள்,
பதினைந்து வயது மகளோடு.
இதென்ன, உங்க மனைவி கழுத்தில் ஒரு கறை,
துடைக்காமல் விட்டுவிட்டீர்களே?
அது நாலு புள்ளி ஏழு, என்றான்.
வேறெப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.
அந்தப் பெண்ணின் பருக்களை
அன்று மாலையே துடைத்துக் கொடுத்தான்.
கடை வாடகை இருக்கிறதே.
ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தான், மோவாயில்.
அவர்கள் கவனிக்கவில்லை.