பதினான்காம் வளைவு

மூடுபனி வகைக்கு
ஆடிய நூறில் பதினொரு வெற்றி.
நெருப்பு பட்டால் ஆவி, காற்று பட்டால் கந்தல்,
கல்லுக்கோ அது வந்ததே தெரியாது.

தாக்குபலம் நாற்பதை ஐம்பத்தைந்தாக்கினேன்.
பதிமூன்று.
"தூக்கிடலாம்க்கா, யாரும் எடுக்கறதே இல்ல"
என்றான் இன்பசேகர்,
ஃபேர்லேண்ட்ஸ் அறையில் ஏசிக்கு நேர் கீழே
தட்டுவடை செட்டைக் கடித்தபடி.

சனிக்கிழமை ஏற்காட்டுக்கு வண்டியை விட்டேன்,
கோபத்தில்தான், வேலையாக அல்ல.
பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
என் முன்சக்கரம் காணாமல் போனது.
எதிரே ஒரு பேருந்து
இரண்டு மஞ்சள் புள்ளியாகி
ஹாரனை மட்டும் அனுப்பியது.
மிளகு மூட்டை லாரி, நம்பர் எழுதாத புதுக் கார், நான்.
எவரையும் அது அடிக்கவில்லை.
எவரும் நகரவில்லை.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே
ஃபோனில் தட்டினேன்:
தாக்குபலம் பூஜ்யம்.
எதிரி ஓங்கும் அடி
எங்கே விழுமென்று அவனுக்கே தெரியக் கூடாது.

திங்களன்று இன்பசேகரின் எரிமலைக் காளை,
மூன்று மாதமாய்த் தோற்காதது,
தன் வாலையே கொளுத்திக்கொண்டு விழுந்தது.
கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு
"இது அநியாயம்க்கா" என்றான்.

குறித்துக்கொண்டேன்.
நூறில் அறுபத்தெட்டு.
இனி கொஞ்சம் குறைக்க வேண்டும்.